பதில் வராததும் வேலை நடக்காததும் ஒன்றல்ல: கிளையன்ட் நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் கோப்பு முறைமைக்கு, கிளையன்ட் நெறிமுறையை (பயனர் கணினிகளான கிளையன்ட்கள் சர்வர்களோடு பேசும் விதிகளை) வடிவமைக்கும் குழுவினருக்கு,

அடுத்த பதிப்புக்காக நீங்கள் வெளியிட்ட வரைவை முழுதாகப் படித்தேன். அதில் மூன்று முடிவுகளை என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவது: செய்து முடித்த வேலைகளுக்கு என்ன பதில் சொன்னோம் என்று சர்வர் வைத்திருக்கும் பதிவேடு, இனி அந்த ஒரு சர்வரின் ராமில் மட்டுமே இருக்கும், சர்வர் விழுந்து மாற்று சர்வர் பொறுப்பேற்கும்போது அது கூடவே போகாது. இரண்டாவது: 30 வினாடிக்குள் பதில் வராவிட்டால் கிளையன்ட் காத்திருப்பதை விட்டுவிட்டு, புரோகிராமிடம் ஐ.ஓ. எரர் (படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்ற பிழை) என்று சொல்லிவிடும். யாரும் கேட்காமலே இது இயல்பாக அமையும். மூன்றாவது: பூட்டின் குத்தகை (ஒரு கோப்பைத் தான் மட்டும் எழுத ஒரு கிளையன்டுக்குக் குறிப்பிட்ட நேரத்துக்குத் தரப்படும் உரிமை) முடிந்துபோன ஒரு கிளையன்ட் தாமதமாக வந்து எழுதினால், கோப்பின் உள்ளடக்கத்தை வைத்திருக்கும் தரவு சர்வர்கள் அதைத் தடுக்கா. மூன்றுக்கும் வேகத்தையும் எளிமையையும் காரணமாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஓர் ஆய்வுக்கூடத்தில் 40 கணினிகள் கொண்ட தொகுப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உங்கள் கோப்பு முறைமையில்தான் எங்கள் தரவு முழுவதும் இருக்கிறது. இந்த வரைவின் சோதனைப் பதிப்பை ஏற்றிப் பார்க்கச் சொல்லிக் கேட்டீர்கள், ஏற்றினோம். என்ன நடந்தது என்பதை உங்கள் குழு முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஐப்பசி மாதத்தில் ஒரு மழை இரவு. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ஒரு யு.பி.எஸ். பேட்டரி கைவிட்டது. கோப்புகளின் பெயர்களையும் இடங்களையும் நிர்வகிக்கும் இரண்டு மெட்டாடேட்டா சர்வர்களில் ஒன்று அணைந்தது. 20 வினாடிக்குள் மற்றது பொறுப்பேற்றது. காலையில் வந்து பார்த்தபோது எல்லா வேலைகளும் ஓடிக்கொண்டிருந்தன. 'நன்றாகத் தாங்கியது' என்று உங்களுக்கே மின்னஞ்சல் எழுதினேன். அந்த மின்னஞ்சலை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஓர் ஆய்வு மாணவி ஒரு வரைபடத்தோடு என் மேசைக்கு வந்தார். அவருடைய சிமுலேஷன் வரைந்த கோட்டில் ஓர் இடத்தில் அசாதாரணமான படி ஒன்று இருந்தது. தன் சமன்பாடுகளில்தான் தவறு என்று நம்பி 10 நாட்கள் அதைத் தேடியிருக்கிறார். காகிதம் காகிதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். கடைசியில்தான், வெளியீட்டுக் கோப்பில் ஒரே 6 மணி நேரத்துக்கான எண்கள் இரண்டு முறை எழுதப்பட்டிருப்பதைக் கண்டார். அது எப்படி நடக்கும் என்று கேட்கத்தான் வந்தார். என்னிடம் அப்போது பதில் இல்லை.

சோதனைக் காலத்தில் நெட்வொர்க்கில் போய்வரும் செய்திகளின் நகலான பாக்கெட் பதிவை எடுத்து வைக்கும்படி நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அதைத் திறந்து பார்த்தபோது புரிந்தது. அவருடைய ஸ்கிரிப்ட் எல்லோரும் எழுதுவதைப் போன்ற ஒழுங்கான ஸ்கிரிப்ட்தான். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் செக்பாயின்ட் ஒன்றை எழுதும். முதலில் 'புதிது' என்ற கோப்பில் எழுதி, டிஸ்கில் இறங்கியதை எஃப்சிங்க் மூலம் உறுதி செய்யும். அப்புறம் 'நடப்பு' என்பதை 'பழசு' என்று பெயர் மாற்றும். அடுத்து 'புதிது' என்பதை 'நடப்பு' ஆக்கும். இந்தக் கடைசி அடி தவறினால், 'பழசு' கோப்பையே திரும்ப 'நடப்பு' ஆக்கிவிட்டு அங்கிருந்து தொடரும். இதைவிடக் கவனமாக யாரும் எழுத முடியாது.

கடைசிப் பெயர் மாற்றத்துக்கான கோரிக்கை முதல் சர்வருக்குப் போனது. அது வேலையைச் செய்தது. செய்யும் மாற்றங்களைப் பதியும் ஜர்னலில் எழுதியது, அந்த ஜர்னல் இரண்டு சர்வர்களுக்கும் பொதுவான டிஸ்கில் இருப்பது. பதில் அனுப்புவதற்குள் அணைந்தது. பதில் வராததால் கிளையன்ட் அதே கோரிக்கையை, அதே எண்ணோடு, மாற்று சர்வருக்கு அனுப்பியது. மாற்று சர்வர் ஜர்னலைப் படித்து முடித்திருந்ததால் அதன் பார்வையில் 'புதிது' என்று ஒரு கோப்பே கிடையாது. 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில் சொன்னது. ஸ்கிரிப்ட் அதை நம்பியது. 'பழசு' கோப்பை எடுத்து, நல்லபடியாக அமர்ந்திருந்த 'நடப்பு' மேல் போட்டது. சிமுலேஷன் 6 மணி நேரம் பின்னுக்குப் போய் மறுபடி ஓடி, அதே எண்களை வெளியீட்டுக் கோப்பின் கடைசியில் சேர்த்தது.

எந்த டிஸ்கும் பழுதாகவில்லை. ஒரு பைட் கூடத் தொலையவில்லை. கோப்பு முறைமை ஒரே ஒரு பொய் சொன்னது, அவ்வளவுதான். நடந்த வேலையை நடக்கவில்லை என்றது.

இதே இரவில் இன்னொன்றும் நடந்தது. வேறொரு குழு, ஒரு டைரக்டரியை உருவாக்குவதையே பூட்டாகப் பயன்படுத்துகிறது. உருவாக்க முடிந்தவருக்குப் பூட்டு கிடைத்தது. 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பதில் வந்தால் வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். அந்த இரவு ஒரு கணினி அதை உருவாக்கியது, பதில் வரவில்லை, மறுபடி கேட்டது, 'ஏற்கெனவே இருக்கிறது' என்று கேட்டுக்கொண்டது. தான் போட்ட பூட்டையே வேறு யாரோ போட்டதென்று நினைத்துக் காத்திருந்தது. அந்தக் குழுவின் வேலைகள் அத்தனையும் யாரும் வைத்திருக்காத ஒரு பூட்டுக்காக விடியும்வரை நின்றன.

யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். கடைக்காரரிடம் பணம் வந்ததாகக் குரல் கேட்கவில்லை, நம் கைபேசியில் 'பெண்டிங்' என்று நிற்கிறது. போகவில்லை என்று முடிவு செய்து மறுபடி அனுப்பினால், சில சமயம் இரண்டு முறை போய்விடும். ஏனென்றால் இரண்டாவது அனுப்பல் புதிய எண்ணோடு போகும் புதிய பரிவர்த்தனை. அந்த முதல் 12 இலக்க எண்ணை வைத்து 'இது என்ன ஆயிற்று?' என்று கேட்பதே சரி. அந்த எண்ணைப் பற்றிய பதிவு வங்கிக் கணினி மாறினாலும் அழியாமல் இருக்க வேண்டும். உங்கள் வரைவில் கிளையன்ட் ஒழுங்காக அதே எண்ணோடுதான் கேட்கிறது. அந்த எண்ணை அறிந்த ஒரே சர்வர் செத்துப்போனால் அதற்குப் பொருள் இல்லாமல் போகிறது.

இது புதிய சிக்கல் இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1985-ல், நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்.எஃப்.எஸ்.ஸை அறிமுகப்படுத்தியபோது சர்வர் எதையும் நினைவில் வைக்காத வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 'இந்த இடத்தில் இதை எழுது' என்று இரண்டு முறை சொன்னாலும் விளைவு ஒன்றுதான். அதனால் சர்வர் விழுந்தால் கிளையன்ட் திரும்பத் திரும்பக் கேட்டால் போதும். அழகான எண்ணம். ஆனால் அழித்தல், பெயர் மாற்றம், டைரக்டரி உருவாக்கம் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. 1989-லேயே டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் செட் ஜுஷ்சாக் இதற்கென்று, வந்த கோரிக்கைகளையும் தந்த பதில்களையும் நினைவில் வைக்கும் பதிவேட்டை விவரித்துக் கட்டுரை எழுதினார். அது ராமில் இருந்தது. சர்வர் விழுந்தால் போய்விடும். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். 2010-ல் வந்த என்.எஃப்.எஸ். 4.1, செஷன் (ஒரு கிளையன்டின் தொடர்பு), ஸ்லாட் (அதில் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைக்கான இடம்), வரிசை எண் என்று இதை நெறிமுறையின் உள்ளேயே கொண்டுவந்தது. சர்வர் மறுபடி எழுந்த பிறகும் பதில்கள் நிலைக்கும்படி வைக்க அதில் வழியும் இருக்கிறது. 2012-ல் விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்.எம்.பி. 3.0, சர்வர் மாறினாலும் திறந்த கோப்பின் நிலை கூடவே போகும்படி செய்தது. உங்கள் வரைவு 1989-க்குத் திரும்பிப் போகிறது.

பதிவேட்டை நிலைக்க வைப்பது வேகத்தைக் குறைக்கும் என்கிறீர்கள். லஸ்டரைப் பாருங்கள். உலகின் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஓடும் கோப்பு முறைமை அது. அதன் மெட்டாடேட்டா சர்வர் ஒரு பெயர் மாற்றத்தைச் செய்யும்போது, எந்தக் கிளையன்டின் எந்த எண்ணுள்ள கோரிக்கை, என்ன முடிவு என்பதையும் அதே டிஸ்க் பரிவர்த்தனையில் சேர்த்தே எழுதுகிறது. வேலை நடந்திருந்தால் பதிவும் இருக்கும். நடக்காவிட்டால் இரண்டுமே இருக்காது. மாற்று சர்வர் அதே டிஸ்கைத் திறப்பதால், திரும்ப வரும் கோரிக்கைக்குப் பழைய பதிலையே சொல்ல முடிகிறது. ஜர்னலில் எப்படியும் எழுதத்தான் போகிறீர்கள். அதோடு சில பைட்டுகள் கூடும். எங்கள் 40 கணினிகளுக்கும் தலா 64 ஸ்லாட் என்று வையுங்கள், ஒவ்வொரு பதிலுக்கும் தாராளமாக 1 கே.பி. கொடுங்கள்: மொத்தம் 2.5 எம்.பி. இந்தச் செலவை மிச்சம் பிடிக்கவா ஒரு மாணவி 10 நாட்கள் தன் கணக்கைச் சந்தேகித்தார்?

உங்கள் வரைவிலேயே தரவு எழுதும் பகுதி மிகச் சரியாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1995-ல் என்.எஃப்.எஸ். 3 கொண்டுவந்த முறையை அப்படியே எடுத்திருக்கிறீர்கள். சர்வர் தரவை ராமில் வாங்கிக்கொண்டு உடனே பதில் சொல்லலாம், ஆனால் தன் 8 பைட் அடையாளத்தையும் சேர்த்துத் தர வேண்டும். பிறகு கமிட் (தரவை டிஸ்கில் இறக்கு என்ற கோரிக்கை) கேட்கும்போது அந்த அடையாளம் மாறியிருந்தால், இடையில் சர்வர் விழுந்து எழுந்திருக்கிறது என்று பொருள். கிளையன்ட் கையில் வைத்திருக்கும் தரவை மறுபடி அனுப்ப வேண்டும். யாரும் யாரையும் ஊகிப்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கோப்பின் உள்ளே இருக்கும் பைட்டுகளுக்கு இவ்வளவு நியாயம் செய்த நீங்கள், கோப்பின் பெயருக்கு ஏன் செய்யவில்லை?

அடுத்து அந்த 30 வினாடி.

உங்களை இந்த முடிவுக்குத் தள்ளியது எது என்று எனக்குத் தெரியும். சர்வர் பதில் சொல்லாதபோது புரோகிராம்கள் 'டி' எனப்படும், எதற்கும் அசையாத காத்திருப்பு நிலையில் உறைந்து நிற்கும். கில் செய்தாலும் சாகா. கடைசியில் கணினியையே மறுபடி தொடங்க வேண்டிவரும். அந்த நேரத்தில் வரும் போன்கள் அத்தனையும் எனக்குத்தான் வரும். ஆகவே தொங்கலின் வலி தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அதற்கு மருந்து வேறு. லினக்ஸ் 2008-ல் 2.6.25 பதிப்பில், காத்திருக்கும் புரோகிராமை மனிதர் விரும்பினால் கொல்லலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. யார் கைவிடுவது என்ற முடிவு அங்கே மனிதரிடம் இருக்கிறது. உங்கள் வரைவில் அந்த முடிவைக் கடிகாரம் எடுக்கிறது.

சாஃப்ட் மவுண்ட், அதாவது கெடு முடிந்ததும் பிழை சொல்லிக் கைவிடும் அமைப்பு, சத்தமில்லாமல் தரவைக் கெடுக்கக்கூடும் என்று லினக்ஸின் என்.எஃப்.எஸ். கையேட்டுப் பக்கமே எச்சரிக்கிறது. அங்கே பதில் வரும்வரை காத்திருக்கும் ஹார்ட் மவுண்ட்தான் இயல்பு. சாஃப்ட் வேண்டும் என்பவர்கள் தெரிந்தே கேட்டு வாங்குகிறார்கள். நீங்கள் தெரியாதவர் கையில் கொடுக்கிறீர்கள். புரோகிராம் எழுதியதாக நினைத்த தரவு இன்னும் கிளையன்டின் தற்காலிக நினைவகமான கேஷில்தான் இருக்கும்; 30 வினாடி கழித்து அதைத் தூக்கி எறிந்தால், அந்தப் பிழை எஃப்சிங்கிலோ கோப்பை மூடும் க்ளோஸிலோதான் தலைகாட்டும். க்ளோஸ் தரும் பதிலைப் பார்க்கும் ஸ்கிரிப்டை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். உள்ளூர் டிஸ்கிலேயே இது எவ்வளவு சிக்கலானது என்பது 2018-ல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழு கண்டுபிடித்தபோது எல்லோருக்கும் தெரிந்தது: ஒரு முறை எஃப்சிங்க் தோற்ற பிறகு இன்னொரு முறை கேட்டால் 'சரி' என்று வந்துவிடும், தரவோ டிஸ்கில் இருக்காது. பிழை வந்தால் மறுபடி முயல்வது பாதுகாப்பல்ல என்று முடிவு செய்து, எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளமே நின்று தன் லாகிலிருந்து மீளும்படி மாற்றினார்கள். அவ்வளவு கவனமான குழுவுக்கே அப்படி என்றால், எங்கள் மாணவர்களின் 50 வரி ஸ்கிரிப்டுக்கு என்ன கதி?

காலக்கெடு வேண்டும் என்பவர்களுக்குக் கொடுங்கள். ஆனால் அப்போது சொல்ல வேண்டியது 'தோற்றது' என்று அல்ல, 'நடந்ததா என்று தெரியவில்லை' என்று. லினக்ஸில் சாஃப்டெர் என்ற மவுண்ட் விருப்பம் இதையே செய்கிறது: ஐ.ஓ. எரருக்குப் பதில், நேரம் கடந்தது என்ற தனி எண்ணைத் தருகிறது. புரோகிராமுக்கு அந்த வேறுபாடு தெரிந்தால் அது பின்வாங்காமல் நின்று பார்க்க முடியும்.

குத்தகை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் 1989-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். எங்களிடம் ஒரு மெய்நிகர் கணினி, ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுப்பதற்காக 2 நிமிடம் உறைந்தது. அதன் குத்தகை முடிந்தது, பூட்டு வேறொருவருக்குப் போனது, அவர் எழுதத் தொடங்கினார். உறைந்த கணினி விழித்தது. தான் உறைந்ததே அதற்குத் தெரியாது. விட்ட இடத்திலிருந்து எழுதியது, உங்கள் தரவு சர்வரும் வாங்கிக்கொண்டது. கூகுளின் பூட்டுச் சேவையான சப்பி 2006-லேயே இதற்கு வழி சொன்னது: பூட்டோடு ஒரு தலைமுறை எண்ணைக் கொடு, எழுத வருபவர் அதைக் காட்ட வேண்டும், பழைய எண் என்றால் மறுத்துவிடு. ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு ஒப்பிடும் வேலை. இதை எளிமைக்காக விட்டோம் என்று எழுதியிருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. கூடவே, கிளையன்ட் தன் குத்தகையைப் பதில் வந்த நேரத்திலிருந்து எண்ணுவதாக வரைவு சொல்கிறது. கோரிக்கை அனுப்பிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். பதில் வழியில் தாமதமானால், கிளையன்ட் தன்னிடம் இல்லாத நேரத்தை இருப்பதாக நம்பும்.

இந்தச் சிக்கலைப் பற்றி நான் முன்பு எழுதியபோது நீங்கள் தந்த பதில் இரண்டு வரி. இது அரிது என்பது ஒன்று. புரோகிராம்தான் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும், முனையில், அதாவது பயன்படுத்தும் புரோகிராமிலேயே, சரிபார்ப்பதே சரியான கொள்கை என்பது இன்னொன்று.

அரிதுதான். சர்வர் விழும்போது மட்டும்தான் நடக்கும். சர்வர் விழும்போது தாங்க வேண்டும் என்பதற்காகத்தானே இரண்டு சர்வர் வாங்கினோம்? எதுவும் விழாத நாளில் எந்தக் கோப்பு முறைமையும் நன்றாகத்தான் ஓடும்.

முனையில் சரிபார்க்கும் கொள்கையை சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1984-ல் எழுதினார்கள். நானும் அதை மதிக்கிறேன். ஆனால் முனையில் இருப்பவருக்குச் சரிபார்க்க ஏதாவது கையில் இருக்க வேண்டும். பெயர் மாற்றத்தைக் கேட்ட புரோகிராமுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பிழை எண். கோரிக்கையின் எண் அதற்குத் தெரியாது, 'முன்பு கேட்டது என்ன ஆயிற்று' என்று இயங்குதளத்திடம் கேட்க ஒரு சிஸ்டம் கால் கிடையாது. அந்த எண் உங்கள் கிளையன்டின் உள்ளேதான் இருக்கிறது. ஆக, இந்த விஷயத்தில் முனை என்பது நீங்கள்தான். நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட், டெக்ஸ்ட் எடிட்டர்கள், மெயில் பெட்டிகள் என எத்தனையோ மென்பொருள்கள், பெயர் மாற்றம் ஒன்று நடக்கும் அல்லது நடக்காது, எது நடந்தது என்று உண்மையும் வரும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. அத்தனையையும் திருத்தி எழுதச் சொல்ல முடியுமா?

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு கார்னகி மெல்லனுக்குப் போன மகாதேவ் சத்தியநாராயணன், அங்கே 1987-ல் தொடங்கிய கோடா கோப்பு முறைமையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நெட்வொர்க்கே இல்லாமல் மடிக்கணினி தனியாக வேலை செய்யலாம். செய்ததையெல்லாம் ஒரு பதிவில் வைத்துக்கொண்டு, திரும்ப இணையும்போது சர்வரில் வரிசையாக நிறைவேற்றும். மோதல் வந்தால் மறைக்காமல் பயனரிடம் சொல்லும். நாள்கணக்கில் தொடர்பே அற்றுப்போன கிளையன்டுக்கு அவ்வளவு அக்கறை காட்டினார்கள். நம் கிளையன்டுக்கு அறுந்தது 20 வினாடி.

ஆகவே இவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் பதிவேட்டை, வேலையைப் பதியும் அதே ஜர்னல் பரிவர்த்தனையில் எழுதுங்கள். மாற்று சர்வர் பொறுப்பேற்று முதல் கோரிக்கையை வாங்குவதற்கு முன் அதைப் படித்து முடித்திருக்க வேண்டும் என்பதை நெறிமுறையில் கட்டாயமாக்குங்கள். 'முடிந்தால்' என்ற சொல் அங்கே வேண்டாம். ஏதோ காரணத்தால் பதிவேடு தொலைந்துபோனால், சர்வர் அதைக் கிளையன்டிடம் ஒத்துக்கொள்ள ஒரு தனிப் பதில் வேண்டும். 'கோப்பு இல்லை' என்ற பதிலை அந்த நிலையில் அது சொல்லவே கூடாது.

30 வினாடிக் கெடுவை இயல்பு அமைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். காத்திருக்கும் புரோகிராமைக் கொல்ல முடியும்படி செய்யுங்கள். கெடு கேட்டு வாங்குபவர்களுக்கு ஐ.ஓ. எரர் அல்லாத தனிப் பிழை எண்ணைத் தாருங்கள்.

பூட்டோடு தலைமுறை எண் கொடுத்து, ஒவ்வோர் எழுத்திலும் தரவு சர்வர் அதைச் சரிபார்க்கட்டும். குத்தகையை அனுப்பிய நேரத்திலிருந்து எண்ணும்படி அந்த ஒரு வரியைத் திருத்துங்கள். அதற்கு அடுத்த பதிப்பு வரை காத்திருக்கக் கூடத் தேவையில்லை.

இவை முடியும்வரை இந்தப் பதிப்பை வெளியிட வேண்டாம். வெளியிடுவதற்கு முன், வேலையைச் செய்துவிட்டுப் பதில் அனுப்பும் முன் சர்வரைக் கொல்லும் சோதனையை, நிலையை மாற்றும் ஒவ்வொரு கட்டளைக்கும் நடத்தி முடிவைப் பொதுவில் வையுங்கள். சோதிக்க இடம் வேண்டுமென்றால் எங்கள் தொகுப்பில் 8 கணினிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒதுக்கித் தர எனக்கு அனுமதி இருக்கிறது. அந்த மழை இரவின் பாக்கெட் பதிவு முழுவதும் பத்திரமாக இருக்கிறது. பெயர் மாற்றக் கோரிக்கை இரண்டு முறை போன இடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பு முறைமையில் பிறர் உழைப்பைப் பாதுகாத்து வைக்கும் ஒரு சிஸ்டம் நிர்வாகி